கோவில்பட்டிக்குப் போன கதாநாயகி

இங்க ஆள் வருது சார். தப்பா நெனைக்காதீங்க. துண்டு போட்டிருக்கேன்லா, பாக்கலியா? அதுக்கு அடுத்த நாக்காலியில உக்காருங்க. அதுவும் நல்ல எடந்தான். மேல காத்தாடி ஓடுது, தூண் மறைக்காது. இந்த வைகாசி வெயிலுக்கு படத்தவிட காத்தாடிதான் முக்கியம்.

யாரு வருதான்னா கேக்கீங்க? யாரும் வரல. சும்மா, பைய வைக்கதுக்குப் போட்டிருக்கேன். பை உங்க மடியிலதான இருக்குங்கீங்களா? மடி வலிச்சா வைக்கணும்லா.

படம் ஆரம்பிக்க நேரமாகும். நோட்டீசுல பதினோரு மணின்னு போட்டிருக்கான். இப்ப பதினொண்ணே கால். இன்னும் வயரப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிட்டு இருக்காங்க பாருங்க. கல்யாண மண்டபத்துல திரைப்பட விழா நடத்துனா இப்படித்தான். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம் முடிஞ்சிருக்கு, வாசல்ல வாழைமரம் இன்னும் அவுக்கல. நேத்து மொத நாளு, ஒரு பெரியவர் பட்டுவேட்டி கட்டிட்டு வந்து நேரே பந்தி எங்கன்னு கேட்டாரு. வெளிய போகச் சொல்ல மனசில்லாம, உக்காரவச்சு ஒரு படத்தக் காட்டி அனுப்பிட்டாங்க.

நீங்க மதுரையா? மதுரையில இருந்து பாளையங்கோட்டைக்கு இதுக்குன்னேவா வந்தீங்க? சந்தோசம். எம்பேரு பலவேசம். கோர்ட்டுல டைப்பிஸ்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தோரு வருசம் அடிச்சதெல்லாம் இங்கிலீஷ்தான். அடிக்கதுக்கு அர்த்தம் தெரியணும்னு அவசியமில்ல, ஆனா எனக்குத் தெரியும். ஓரளவு தெரியும்.

அந்தா, முன்வரிசையில மூணாவது நாக்காலி. நீலக் கட்டம் போட்ட சட்டை. கழுத்த இந்தப் பக்கம் திருப்பிரக் கூடாதுன்னே உக்காந்திருக்கான் பாருங்க. அவன் பேரு நயினாரு. பஸ்ஸுல கண்டக்டரா இருந்தான். திருநெல்வேலி – கோவில்பட்டி, இருபத்தி ரெண்டு வருசம் ஒரே ரூட்டு. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. நாலு மாசமாச்சு. அவனப் பத்தி நான் பேசவே மாட்டேன்.

பதினாலு வருசம் சார். இந்த பிலிம் சொசைட்டி ஆரம்பிச்ச மொத மாசத்துல இருந்து நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து நாக்காலி. மாசம் ஒரு படம், வருசத்துக்கு ஒரு விழா, ஒண்ணு விடல. அவன் முன்னாடியே வந்து துண்டு போட்டு எடம் பிடிப்பான். பஸ்ஸுல இருந்தவன்லா, துண்டு போட்டா அது பட்டா மாதிரி அவனுக்கு. நான் மெதுவா வருவேன்.

படம் பூரா வெளிநாட்டுப் படம். கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். நயினாருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு இல்ல. நின்னு நிதானமா படிப்பான். சினிமாக்காரன் நிக்க விடுவானா? இவன் மொத வார்த்தையக் கூட்டிப் படிச்சு முடிக்கதுக்குள்ள அந்த வீட்ல எல்லாரும் சண்ட போட்டு, சமாதானமாகி, சாப்பிடவே உக்காந்திருவாங்க. அதனால நான் காதுக்குள்ள தமிழ்ல சொல்லுவேன். "மேற்படியான் வாடகை வீட்டக் காலி பண்ண மாட்டேங்கான். மேற்படியாளுக்கு அதுல சம்மதமில்ல." இப்படி. மேற்படின்னு சொன்னாத்தான் எனக்கு வாக்கியமே ஓடும், கோர்ட்டுப் பழக்கம்.

ஆனா கோர்ட்டு இங்கிலீஷ் வேற, சினிமா இங்கிலீஷ் வேற சார். பதினாலு வருசத்துல ஒரு கதாநாயகியாவது 'ஹியரின்பிஃபோர்'னு ஒரு கோர்ட்டு வார்த்தை பேசியிருக்காளா? பேசல. இருந்தாலும் சமாளிச்சேன். புரியாத எடத்துல மூஞ்சியப் பாத்துச் சொல்லிருவேன். சில எடத்துல கொஞ்சம் சரி பண்ணியும் சொல்லுவேன். ஒரு படத்துல ஒருத்தன் பத்து நிமிசம் ஆத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். பேச்சே இல்ல. நயினாரு என்னைப் போட்டு நச்சரிக்கான், "என்னவே நெனைக்கான்? என்னவே நெனைக்கான்?" "தம்பி மேல பாகப்பிரிவினை கேஸ் போடலாமான்னு யோசிக்கான்"னு சொல்லிட்டேன். பொறவு அவன் படத்தப் பாத்த பார்வைய நீங்க பாத்திருக்கணும். நாக்காலி நுனிக்கு வந்துட்டான். கடைசி வரைக்கும் கேஸ் வரல. "சமாதானமாப் போயிட்டாங்க போல"ன்னு திருப்தியா வீட்டுக்குப் போனான். அந்தப் படத்துக்கு அங்க இருந்த நூறு பேர்ல தொண்ணூத்தொம்பது பேரு கொட்டாவி விட்டாங்க சார். அவன் ஒருத்தன்தான் ரசிச்சுப் பாத்தான். யாரால?

அதான் கேக்கேன், யாரால?

ஆனா அவனப் பத்திப் பேச வேண்டாம்.

போன ஐப்பசியில அவன் சம்சாரம் தவறிட்டா. வேலம்மா மதினி. மூணு நாள் காச்சல், நாலாவது நாள் இல்ல. நயினாரு வீட்ட விட்டு வெளிய வரல. மார்கழி பூரா நான் போயி போயிப் பாத்துட்டு வந்தேன். கட்டில்ல உக்காந்திருப்பான். நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவன் தலையாட்டிக்கிட்டே இருப்பான். தை மாசம் சொசைட்டியில படம்னு நோட்டீஸ் வந்துச்சு. "எந்திரி வே"ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அன்னைக்கும் துண்டு கொண்டாந்தான். மறக்கல பாத்துக்கிடுங்க.

அது ஏதோ பனி பெய்யிற நாட்டுப் படம். வயசான புருசன் பொண்டாட்டி, ரெண்டு பேரு மட்டும். அந்தம்மா இருமிக்கிட்டே இருக்கா. நான் உசாராயிட்டேன். இருமுனா சினிமாவுல எங்க போயி முடியும்னு தெரியும்லா. ஒரு வண்டி வந்து அவளக் கூட்டிட்டுப் போகுது. அடுத்த சீன்ல பக்கத்து வீட்டுக்காரன் வாசல்ல வந்து நிக்கான். கீழ எழுத்து வருது. 'ஷி இஸ் கான்.'

"போயிட்டாளாம்"னேன்.

தமிழ்லயும் அதுதான சார்? போயிட்டா. சரியாத்தான சொன்னேன்? நம்ம நயினாரு கேக்கான், "எங்க?"

இருபத்தி ரெண்டு வருசம் அவன் வாயில இருந்து அதிகமா வந்த வார்த்தை அதுதான். எங்க? எங்க? கயத்தாறா, கோவில்பட்டியா, எங்க? அவன் பஸ்ஸுக்குள்ள ஒரு 'எங்க' போட்டான்னா டிரைவருக்கே தூக்கம் போயிரும். அன்னைக்கு அந்தச் சத்தம் இல்ல. என் முழங்கையப் பிடிச்சுக்கிட்டு கேட்டான். கை சில்லுன்னு இருந்துச்சு.

"கோவில்பட்டிக்கு"ன்னேன்.

வாயில வந்துட்டு சார். என்ன செய்யச் சொல்லுதீங்க? கண்டக்டர் எங்கன்னு கேட்டா ஊர்ப்பேரு சொல்லித்தான ஆகணும்? "கோவில்பட்டிக்கா?"ன்னான். "அந்த நாட்டுக் கோவில்பட்டி வே. பக்கத்து ஊரு. மேற்படியாளோட மக அங்க இருக்கா. பெரசவம் பாக்கப் போயிருக்கா"ன்னேன். முழங்கைய விட்டான்.

பொறவு எனக்கு நல்ல வேலை. அந்தக் கெழவன் தனியா டீ போடுதான், ரெண்டு கப்புல ஊத்துதான். நயினாரு சிரிக்கான், "பழக்க தோசம் வே, ரெண்டா ஊத்திட்டான்." ஜன்னல் கிட்ட உக்காந்து ரோட்டப் பாக்கான். "பஸ்ஸு லேட்டு போல"ங்கான். ஒரு எடத்துல கெழவன் பூவ எடுத்துக்கிட்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிட்டான். எனக்கு வேர்த்துட்டு. "அவங்க அப்பாவுக்குத் திதி"ன்னேன். கடைசியில அவன் பெட்டியத் தூக்கிட்டு ரயிலேறுதான். "கூப்பிடப் போறான்"னான் நயினாரு. அது நான் சொல்லல சார், அவனாச் சொன்னது.

படம் முடிஞ்சா கலந்துரையாடல்னு ஒண்ணு உண்டு. பதினாலு வருசத்துல நயினாரு அதுல வாயே தெறந்ததில்ல. அன்னைக்குன்னு கையத் தூக்கிட்டான். எந்திரிச்சு நின்னு மைக்கை வாங்கி, அவனுக்கு மைக்கே வேண்டாம், அது வேற, "மேற்படி பெரியவரோட சம்சாரம் மக பெரசவத்துக்குப் போயிருக்கு. நம்மூருக்குக் கோவில்பட்டி மாதிரி, பக்கத்து ஊருதான். வந்துரும்னு தெரியும். தெரிஞ்சே ஒரு மனுசன் இந்தத் தவி தவிக்கான்னா..." அப்படின்னு நிறுத்துனான்.

அந்த நேரம் பாத்து ஒரு காலேஜ் டீச்சரம்மா, நல்லவங்கதான், மெதுவாத்தான் சொன்னாங்க, "சார், அந்தம்மா இருபதாவது நிமிசத்துல எறந்துட்டாங்க."

மண்டபமே சிரிச்சுட்டு சார். செயலாளர் ஞானசிகாமணி மேடையில இருந்து, "அண்ணாச்சி கோவில்பட்டி படம் பாத்திருக்காரு, நம்ம வேற படம் பாத்திருக்கோம்"னு சொல்லி, அதுக்கு இன்னொரு சிரிப்பு. நயினாரு என்னைத் திரும்பிப் பாத்தான்.

நான் என்ன பண்ண? நூறு பேரு சிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் உம்முன்னு உக்காந்திருந்தா சபைக்கு என்ன மரியாதை? நானும் சிரிச்சு வச்சேன். லேசாத்தான். பல்லு தெரியல.

மைக்கைக் குடுத்துட்டு நேரே வெளிய போனான். துண்டு நாக்காலியிலயே கெடந்துச்சு. நான்தான் எடுத்துப் பையில வச்சேன். ஆமா, இந்தத் துண்டுதான். அவன்ட்ட திருப்பிக் குடுக்கணும்லா, அதுக்குத்தான் கொண்டாந்தேன். மத்தபடி எடம் பிடிக்கவெல்லாம் இல்ல.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். வாசல் கேட்டுக்கு உள்ள நின்னுக்கிட்டு சொல்லுதான், "மேற்படி நயினாரு கோவில்பட்டிக்குப் போயிட்டான்னு நெனச்சுக்கிடும்." கதவச் சாத்திட்டான். எப்படி இருக்கு? என் மேற்படிய வச்சே என்னை அடிக்கான்.

ஒரு வார்த்த மாத்திச் சொன்னதுக்கு இம்புட்டுக் கோவமா? பதினாலு வருசமாக் காதுக்குள்ள சொல்லிச் சொல்லி என் தொண்டை கெட்டுப்போச்சு. முன்னாடி இருக்கவன் உஸ்ஸுங்கான், பின்னாடி இருக்கவன் உஸ்ஸுங்கான், அம்புட்டு உஸ்ஸையும் வாங்குனது நான். கோவம் எனக்குல்லா வரணும்? வந்துச்சு. அதான் நானும் பேசல. தெருவுல பாத்தா அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம். ஒருநாள் ரெண்டு பேருமே இந்த ஓரமா வந்துட்டோம். ரெண்டு பேருமே அந்த ஓரத்துக்கு மாறினோம். பொறவு ஆளுக்கொரு திசையில வந்த வழியே திரும்பிப் போயிட்டோம். நான் மருந்து வாங்கப் போனவன், மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

இந்த வருசம் என்ன பண்ணியிருக்காங்கன்னா, எல்லாப் படத்துக்கும் கீழ தமிழ்லயே எழுத்துப் போட்டுட்டாங்க. நல்ல காரியந்தான். ஜனங்களுக்குப் புரியும். நேத்து மூணு படம் பாத்தேன், யார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய தேவையில்லாமப் போச்சு. எல்லாம் சரியா எழுதியிருக்கான். அதான் ஒண்ணும் ருசிப்படல. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல சார். வருத்தம்னு இல்ல. வீட்டுக்குப் போயி சோறு எறங்கல, அம்புட்டுதான்.

அவன் என்ன பண்ணுதான் தெரியுமா? முன்வரிசையில உக்காந்து தமிழ் எழுத்த வாய்விட்டுப் படிக்கான். பஸ்ஸு போர்டு படிக்க மாதிரி. எல்லாரும் உஸ்ஸு உஸ்ஸுங்காங்க. இப்பத் தெரியட்டும், உஸ்ஸு வாங்குனா எப்படி இருக்கும்னு.

ஆ, லைட்டு அணையுது. போட்டுட்டான். கால நீட்டி வசதியா உக்காருங்க சார்.

நல்லாருக்கே, கடல். கப்பல். ஒரு பொம்பளப்பிள்ளை கரையில நிக்கா. ஒருத்தன் ஓடி வாரான், என்னமோ சொல்லுதான்... என்ன சார் இது? கட்டம் கட்டமா வருது? எழுத்தக் காணும், வரிசையா வெறும் கட்டமா இருக்கு. உங்களுக்கும் அப்படித்தான் தெரியுதா? எனக்குத்தான் கண்ணு போச்சோன்னு பயந்துட்டேன். அந்தா, நயினாரு படிக்கதுக்கு வாயத் தெறந்துட்டு மூட முடியாம உக்காந்திருக்கான்.

நிறுத்திட்டாங்க. ஞானசிகாமணி மைக்கைப் பிடிச்சாச்சு. இனி லேசுல விடமாட்டாரு. என்ன சொல்லுதாரு? தமிழ் எழுத்து இந்தக் கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்காம். இந்த ஒரு படத்துக்கு இங்கிலீஷ் எழுத்துதானாம். புரியாதவங்க பக்கத்துல கேட்டுக்கிடணுமாம். யாரும் கோவில்பட்டிக்கு மட்டும் போயிராதீங்கங்காரு.

சிரிக்காங்க பாருங்க. நாலு மாசம் கழிச்சும் சிரிக்காங்க.

அவன் கழுத்து குனியுது பாத்தீங்களா?

நீங்க ஏன் சார் சிரிக்கீங்க? உங்களுக்கு இப்பத்தான கதையச் சொன்னேன், உக்காரவச்சு, மொதல்ல இருந்து? லேசாவா? எல்லாரும் சிரிச்சாங்களேன்னு லேசாச் சிரிச்சீங்களா?

லேசாச் சிரிச்சாலும் சிரிப்பு சிரிப்புதான் சார்.

இருங்க. இந்தப் பையக் கொஞ்சம் பிடிங்க. பிடிங்க சார்.

"ஏ ஞானசிகாமணி! வேய், உம்மத்தான்! அந்தக் கோவில்பட்டி நான் சொன்னது வே! இந்தப் பலவேசம் சொன்னது! அவன் கேட்டான், நான் சொன்னேன். எனக்கு 'ஷி இஸ் கான்'னா என்னன்னு தெரியும். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன். பொண்டாட்டி போயி மூணு மாசங்கூட ஆகல, எங்கன்னு கேக்கான், என்ன வே சொல்ல? நீரு இருந்தா சொல்லியிருப்பீரா? கோவில்பட்டிக்குப் போனா சாயங்கால வண்டிக்குத் திரும்பிரலாம், அது அவனுக்குத் தெரியும், அதான் அந்த ஊரச் சொன்னேன். அன்னைக்கு எந்திரிச்சு நின்னு இதச் சொல்லியிருக்கணும். சொல்லாம நானும் உங்களோட சேந்து இளிச்சேன். சிரிக்கதுன்னா என்னப் பாத்துச் சிரிங்க. அவனப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது. அம்புட்டுதான். லைட்ட அணைச்சுட்டுப் படத்தப் போடும்!"

...தண்ணி இருக்கா சார்? இல்ல, ஒண்ணுமில்ல. கத்துனதுல தாகம், அம்புட்டுதான்.

எல்லாரும் திரும்பிப் பாக்காங்களா? பாக்கட்டும். அவன் பாக்கானா? நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. பாக்கலியா? சரி. பாக்காட்டா போறான். நான் சொல்ல வேண்டியது, சொல்லிட்டேன். பையக் குடுங்க.

படம் போட்டாச்சு. இங்கிலீஷ் எழுத்து வருது, சின்னச் சின்னதா. அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ள வாரா. ஒரு கெழவி கட்டில்ல படுத்திருக்கா போல.

எந்திரிச்சுட்டானா? யாரு, நயினாரா? வெளிய போறானா? போகட்டும். போன தடவையும் இப்படித்தான்... எது? இந்தப் பக்கமா வாரானா? தண்ணி குடிக்க வருவான் சார், குடம் பின்னாடிதான இருக்கு. குடத்தத் தாண்டிட்டானா?

சார், கால மடக்குங்க. மடக்குங்க, வழி விடுங்க, ஆள் வருது.

...

அது ஓந் துண்டுதான் வே. தொவைச்சுத்தான் வச்சிருக்கேன். மோந்தெல்லாம் பாக்காத. உக்காரு.

என்ன சொல்லுதாளா? இரு வே, வந்தவுடனே உசுர வாங்காத. கண்ணாடியத் தொடைச்சுக்கிடுதேன். ஆங். அந்தப் பிள்ள, மேற்படியாளு, அவ அண்ணங்கிட்டச் சொல்லுதா. அம்மா போயிட்டாளாம்.

...எங்கயா?

...

நெசமாவே போயிட்டா வே. செத்துப் போயிட்டா.

...

சார். சார், இங்க கொஞ்சம் குனிங்க. நயினாரு என்ன சொல்லுதான் கேட்டீங்களா? "பாவம் வே, கோவில்பட்டிக்கே போயிருக்கலாம்"ங்கான்.